திக்குவாய் திருந்துமா?

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. கடையில் பொருள் வாங்குவது முதல் கிராம சபையில் கோரிக்கை வைப்பது வரை, வாய்ச்சொல்லால் நடைபெறும் காரியங்களே நம் வாழ்வில் மிகுதி. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் எடையைக் கேட்டறிவதற்கும், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கோருவதற்கும், வாய்க்காலில் தம் முறைத் தண்ணீரைப் பெறுவதற்கும் உழவர் பேசியே ஆகவேண்டும். அவ்வாறு பேச முற்படும்போதெல்லாம் முதற்சொல்லிலேயே தடைபட்டு நிற்கும் ஒருவரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். அவரும் வாயுள்ள பிள்ளையே. சொல்லவேண்டியது அவர் உள்ளத்தில் தெளிவாகவே இருக்கிறது. அது வெளிவருவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

இத்தகையோர் சிலரே என்று கருதுதல் தவறு. பல நாடுகளிலும் ஆராய்ந்து பார்த்ததில், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் திக்கிப் பேசுவதாகத் தெரியவந்துள்ளது. கடலூர் மாவட்டத்தின் மக்கள் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 26 லட்சத்துக்குச் சற்று அதிகம். நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவை இதற்குப் பொருத்தினால் இம்மாவட்டத்தில் மட்டும் 26,000 பேர் அளவில் இருப்பர். 3,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியில் 30 பேர் இருப்பர். இத்தனை பேர் இருந்தும் கிராம சபைக் கூட்டங்களில் அவர்களது குரலைக் கேட்பது அரிதாயிருக்கிறது. அவர்களுக்குக் குறை ஏதும் இல்லை என்பது இதன் பொருளன்று. எழுந்து பேச அஞ்சி அவர்கள் வாளாவிருக்கின்றனர் என்பதே உண்மை. ஆகவே இது மருத்துவம் பற்றிய செய்தி மட்டுமன்று. ஊராட்சி நிர்வாகத்தைச் சார்ந்ததும் ஆகும்.

திக்கல் என்பது யாது?

திக்கல் மூன்று விதமாகத் தோன்றும். ஒன்று, சொல்லின் முதலொலியைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். 'பம்பு' என்பது 'ப, ப, பம்பு' என வரும். இரண்டு, ஒலியை நீட்டுதல். 'மதகு' என்பது 'ம்ம்ம்மதகு' என வரும். மூன்று, ஒலியே எழாமல் அடைத்துக்கொள்ளுதல். 'கரும்பு' என்று சொல்ல முயலும்போது அடிநா அண்ணத்தில் ஒட்டியபடியே நின்றுவிடும். இம்மூன்றில் கடையிற் சொன்னதே பேசுவோருக்கு மிகுந்த துன்பம் தருவது.

இவற்றோடு வேறு சிலவும் வந்து சேரும். சொல்லை வெளியே தள்ளும் முயற்சியில் சிலர் கண்களை இறுக மூடுவர். சிலர் காலால் தரையைத் தட்டுவர். சிலர் வராத சொல்லை விடுத்து வேறு சொல்லை மாற்றிப் போட்டுச் சமாளிப்பர். 'கரும்பு' வராவிட்டால் 'ஆலைப் பயிர்' என்பர். ஆனால் தம் பெயரையும் தம் ஊரின் பெயரையும் எவ்வாறு மாற்றிச் சொல்வது? அதனால்தான் அலுவலகத்தில் முதலாவதாகக் கேட்கப்படும் 'உங்கள் பெயர் என்ன?' என்னும் கேள்வியே அவர்களுக்கு மிகக் கடினமான கேள்வியாகிவிடுகிறது. 'தன் பெயரைச் சொல்லவே இவ்வளவு தயக்கமா?' என்று கேட்போர் ஐயுறுவதும் உண்டு.

இன்னொரு வியப்பையும் பலர் கண்டிருப்பர். திக்கிப் பேசுவோர் பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலாகச் சொல்லும்போதும், தனிமையில் தமக்குத்தாமே பேசும்போதும், மாட்டோடும் கைக்குழந்தையோடும் பேசும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிதம்பரம் ஆலயத்தில் திருமுறை ஓதும் கூட்டத்தோடு நின்று தடையின்றி ஓதக்கூடிய ஒருவர், கீழ வீதிக்கு வந்து பூ விலை கேட்கையில் தடுமாறக் கூடும். இதைக் கண்டு 'வேண்டுமென்றே நடிக்கிறான்' என்று கூறுவது பெரும் அநீதி. நடவுப் பாட்டு கைகளுக்குத் தாளம் அமைத்துக் கொடுப்பதுபோல, பாட்டின் தாளமும் பிறர் குரலும் நாவுக்கு நேரம் காட்டிக் கொடுக்கின்றன. அத்துணை இல்லாத இடத்தில் தடை மீண்டும் தோன்றுகிறது. அவ்வளவே.

காரணம் எது?

நாம் ஒரு சொல்லைச் சொல்வதற்கு மூச்சும், குரல்வளையும், நாவும், உதடும் நொடியின் சிறு பகுதிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணி செய்யவேண்டும். அவ்வேளையைக் குறித்துக் கொடுப்பது மூளை. ஏரியில் நீர் நிறைந்திருக்கிறது, வாய்க்காலிலும் பழுதில்லை, ஆயினும் மதகுகளை முறைப்படி அடுத்தடுத்துத் திறக்காவிட்டால் நீர் தடைப்பட்டுத் தடைப்பட்டே பாயும் அல்லவா? திக்கலும் அத்தன்மையதே. அறிவில் குறையில்லை, நாவில் பழுதில்லை. நேரம் குறிக்கும் ஏற்பாட்டில் மட்டும் சிறு மாறுபாடு. மூளையைப் படம் எடுத்து நோக்கிய ஆராய்ச்சிகள் இதை உறுதி செய்துள்ளன.

இம்மாறுபாடு குடும்ப வழியாகவும் வருவது. திக்கலோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் சில, பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்ததன் பயனாக 2010-இல் கண்டறியப்பட்டன. 2025-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபுக்கூறுகள் ஆராயப்பட்டு, திக்கலோடு தொடர்புடைய 57 இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. வளர்ந்தோரில் பெண் ஒருவருக்கு ஆண் நால்வர் என்னும் அளவில் திக்கல் காணப்படுகிறது.

இதிலிருந்து தெளிவாவன சில உண்டு. தாயின் வளர்ப்புக் குறையால் திக்கல் தோன்றுவதில்லை. திக்கிப் பேசும் மற்றொரு பிள்ளையோடு விளையாடுவதால் ஒட்டிக்கொள்வதில்லை. அச்சமும் வெட்கமும் அதைப் பிறப்பிப்பதில்லை. ஆனால் பிறந்துவிட்ட திக்கலை அவை மிகுவிக்கும் என்பதில் ஐயமில்லை.

கடிந்துரைத்தால் என்ன நேரும் என்பதற்கு வருந்தத்தக்க ஒரு சான்று உண்டு. 1939-இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர், அனாதை இல்லக் குழந்தைகள் சிலரிடம், அவர்களுள் நன்றாகப் பேசியோரிடமுங்கூட, 'உன் பேச்சு சரியில்லை. திக்காமல் பேச இயலாவிட்டால் பேசாதே' என்னும் பொருள்பட இடித்துரைத்துச் சோதனை செய்தனர். அக்குழந்தைகள் பேசுவதற்கே கூசி ஒடுங்கினர். அப்பல்கலைக்கழகம் 2001-இல் இதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. நம் ஊர்களில் 'தெத்துவாய்', 'கொன்னவாய்' என்று பட்டப்பெயர் சூட்டுவோர் இதை நினைவிற் கொள்வாராக.

பழைய கைம்முறைகள்

குழந்தைக்குப் பேச்சு வரவேண்டுமென்று வசம்பை உரைத்து நாவில் தடவுவது நம் வழக்கம். வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசினால் திக்கல் நீங்கும் என்பாரும் உளர். பண்டைய கிரேக்க நாட்டு நாவலர் டெமாஸ்தனிஸ் அவ்வாறு செய்ததாக வழங்கும் கதையே இதற்கு மூலம். கல் தொண்டையில் சிக்கினால் உயிருக்கே கேடு. நாவடியிலுள்ள சவ்வை வெட்டினால் சரியாகும் என்பதும் பிழை. 1841-இல் பெர்லின் நகர அறுவை மருத்துவர் டீஃபன்பாக் என்பவர் திக்குவோரின் நாவையே அறுத்துச் சிகிச்சை செய்யப் புகுந்தார். அம்முறை பயனற்றதென்று விரைவில் கைவிடப்பட்டது. திக்கலின் இருப்பிடம் நா அன்று என்பதை அறிந்தோர் நாவில் கத்தி வைக்க இசையார்.

வேண்டுதல்களைப் பற்றியும் ஒரு சொல். ஈழ மன்னனின் ஊமை மகளைத் தில்லையில் மாணிக்கவாசகர் பேசச் செய்தார் என்னும் வரலாற்றையும், ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்து பாடினார் என்னும் வரலாற்றையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயிலுக்குச் சென்று வேண்டுவது மனத்துக்கு ஆறுதல், அதைத் தடுப்பாரில்லை. ஆனால் திக்கலைத் தெய்வக் குற்றம் எனக் கருதி, வேண்டுதல் நிறைவேறட்டும் என்று சிகிச்சைக்குரிய ஆண்டுகளைக் கடத்திவிடுதல் கூடாது.

குழந்தைப் பருவமே ஏற்ற பருவம்

திக்கல் பெரும்பாலும் 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையே தோன்றுகிறது. நூறு குழந்தைகளில் ஐவர் அளவில் ஏதேனும் ஒரு காலத்தில் திக்குகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அது தானே நீங்கிவிடுகிறது. எஞ்சிய கால் பங்கினர் யாவர் என்பதை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது. எனினும் சில குறிகள் உண்டு. திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு அது இருந்தாலும், சொல்லை வெளியிடக் குழந்தை முகத்தைச் சுளித்துப் போராடினாலும், பேசவே தயங்கினாலும் தாமதியாமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துச் செல்லவேண்டும். பள்ளியில் சேர்வதற்கு முன் பயிற்சி தொடங்கினால் பயன் மிகுதி.

வீட்டில் பெற்றோர் செய்யத்தக்கவை எளியவை. 'மெதுவாகச் சொல்', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்' என்று குழந்தையைத் திருத்தவேண்டா. அது தன் பேச்சில் ஏதோ குற்றம் இருக்கிறதென்றே அக்குழந்தையை எண்ணச் செய்யும். அதற்கு மாறாக நாமே சற்று நிதானமாகப் பேசலாம். குழந்தை பேசும்போது கையிலுள்ள வேலையை ஒரு கணம் நிறுத்தி, அதன் முகத்தை நோக்கிக் கேட்கலாம். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பதைக் குறைக்கலாம். நாள்தோறும் 10 நிமிடமேனும், வேறு பிள்ளைகளின் குறுக்கீடு இன்றி அக்குழந்தையோடு மட்டும் பேசியிருக்கலாம். விருந்தினர் முன் பாட்டுச் சொல்லுமாறு வற்புறுத்துதல் ஆகாது. ஆஸ்திரேலிய நாட்டில் வகுக்கப்பெற்ற லிட்கம் முறையில், குழந்தை தடையின்றிப் பேசும் வேளையில் 'அழகாகச் சொன்னாய்' என்று பெற்றோரே பாராட்டிப் பழக்குகின்றனர். பயிற்சியாளரின் மேற்பார்வையில் செய்யப்படும் இம்முறை பல நாடுகளிலும் பயன்பட்டு வருகிறது.

நெடுநாள் திக்கல் உள்ளவர்கள்

வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: 'இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன, இனித் திருந்துமா?' இதற்கு நேர்மையான விடை கூறவேண்டும். திக்கலை அடியோடு போக்கும் மாத்திரையோ ஊசியோ இன்று இல்லை. 'பத்தே நாளில் குணம்' என்று விளம்பரம் செய்வோரிடம் பொருளை இழக்கவேண்டா. ஆனால் பயிற்சியால் திக்கலின் கடுமையைக் குறைக்கலாம். அதன்மேல் உள்ள அச்சத்தைப் பெரிதும் போக்கலாம். சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்கும் ஆற்றலைப் பெறலாம். இவை திண்ணம்.

இத்துறையில் பெயர்பெற்ற அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் (1905-1994) தாமே திக்கிப் பேசியவர். திக்கலை ஒளிக்க முயல்வதே அதை வளர்க்கிறது என்று கண்டு, எளிதாகத் திக்கக் கற்பதற்கு அவர் வழி வகுத்தார். அதன் படிகள் மூன்று. முதலாவது, ஒரு சொல்லில் திக்கி முடித்தபின் சற்று நிறுத்தி, அதே சொல்லை இறுக்கமின்றி மீண்டும் சொல்லுதல். இரண்டாவது, திக்கிக்கொண்டிருக்கும்போதே தள்ளுவதை விட்டு, உதட்டையும் நாவையும் தளர்த்தி மெல்ல வெளிவருதல். மூன்றாவது, தடை வரும் என்று உணர்ந்த சொல்லை முன்கூட்டியே மென்மையாகத் தொடங்குதல். சேற்றில் சிக்கிய வண்டியை மாட்டை அடித்து இழுக்கச் செய்தால் சக்கரம் மேலும் புதையும். சற்றே பின்வாங்கி மெல்ல எடுத்தால் கிளம்பும். அதுபோன்றதே இது.

வேறொரு முறையில், தொடக்கத்தில் உயிரொலிகளை நீட்டி மிக மெதுவாகப் பேசப் பழக்கி, நாளடைவில் இயல்பான வேகத்துக்குக் கொண்டுவருவர். எம்முறையாயினும் நாள்தோறும் பழகவேண்டும். பயிற்சி அறையில் நன்றாகப் பேசியவர் சந்தையில் திக்குவதும், சில மாதம் குறைந்திருந்த திக்கல் மீண்டும் மிகுவதும் இயல்பே. அதைத் தோல்வி என்று எண்ணிப் பயிற்சியைக் கைவிடலாகாது. எளிய இடத்தில் தொடங்கிக் கடினமான இடத்துக்குச் செல்லுதல் நன்று. முதலில் வீட்டாரிடம், பின்னர் தேநீர்க் கடையில், பின்னர் தொலைபேசியில், இறுதியில் கூட்டத்தில் என்று படிப்படியாக ஏறலாம். 'எனக்குத் திக்கல் உண்டு. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்' என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மறைக்கும் சுமையைப் பாதியாகக் குறைக்கும்.

புகழ்பெற்றோர் இருவரை நோக்குவோம். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், அரியணை ஏறுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1926-இல், லயனல் லோக் என்னும் ஆஸ்திரேலியப் பயிற்சியாளரிடம் சேர்ந்தார். 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் போர் மூண்ட செய்தியை வானொலியில் நாட்டு மக்களுக்கு அவரே உரைத்தார். அவரது திக்கல் முற்றிலும் நீங்கியதில்லை. அவர் கடமையும் நின்றதில்லை. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் முதல் முதலமைச்சராக 1957-இல் பொறுப்பேற்ற ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட், வாழ்நாள் முழுதும் திக்கியே பேசினார். 'எப்போதும் திக்குவீர்களோ?' என்று கேட்டவரிடம், பேசும்போது மட்டுமே திக்குவதாக அவர் நகைச்சுவையுடன் விடையிறுத்தார் என்பர். மக்கள் அவர் பேச்சைக் கேட்கக் கூடினர். எத்தனை முறை திக்கினார் என்று எண்ணுவதற்காக அன்று.

எங்கே செல்வது?

பள்ளி மற்றும் அங்கன்வாடிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013 முதல் நடைபெற்று வருகிறது. இத்திட்டத்தின் மருத்துவக் குழு ஊருக்கு வரும் நாளில், திக்கும் குழந்தையை மறவாமல் காட்டவேண்டும். அங்கிருந்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புமாறு கேட்கலாம். வளர்ந்தோர் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, முன்னர் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என வழங்கிய சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புதுச்சேரி ஜிப்மரிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகிப் பேச்சுப் பயிற்சிக்கு வழி கேட்கலாம். நாடு முழுமைக்கும் பயிற்சியாளர்களை உருவாக்கும் அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம் 1965 முதல் மைசூரில் இயங்கி வருகிறது. திக்குவோரே ஒன்றுகூடி ஒருவர்க்கொருவர் துணைநிற்கும் இந்தியத் திக்குவோர் சங்கமும் நம் நாட்டில் உண்டு.

ஓர் எச்சரிக்கை: நேற்று வரை நன்றாகப் பேசிய பெரியவருக்குத் திடீரெனப் பேச்சுக் குழறினால் அது நாம் கூறும் திக்கல் அன்று; பக்கவாதமாக இருக்கக்கூடும். உடனே 108 ஊர்தியை அழைக்கவேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஒரு கிராம சபைக் கூட்டத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். நடுவயது உழவர் ஒருவர் எழுந்து, 'ம்ம்' என்று தொடங்கி நின்றார். பின்னாலிருந்த ஒருவர் 'மண் ரோடு பற்றிச் சொல்கிறார்' என்றார். சிலர் சிரித்தனர். 'மண் ரோடு' என்றே குறிப்பேட்டில் எழுதப்பட்டது, அவரும் அமர்ந்துவிட்டார். கூட்டம் முடிந்தபின் அவரைத் தனியே அழைத்துக் கேட்டோம். அவர் சொல்ல வந்தது மதகைப் பற்றி. அதன் பலகை உளுத்துப் போயிருந்தது. மழைக்காலத்துக்குள் மாற்றாவிட்டால் கடைமடை வயல்கள் மூழ்கும் என்பதே அவர் செய்தி. குறிப்பேட்டில் அதைச் சேர்க்கச் செய்தோம். அவர் சொல்லி முடிக்க இரண்டு நிமிடமே ஆயிற்று. அவ்விரண்டு நிமிடத்தைக் கூட்டத்திலேயே கொடுத்திருந்தால் அச்செய்தி ஊரார் அனைவருக்கும் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே உறுப்பினர்கள் கைக்கொள்ள வேண்டியவை இவை. திக்குவோர் பேசுகையில் அவர் முகத்தை நோக்கிப் பொறுமையாகக் கேட்கவேண்டும். அவர் சொல்லை நாம் நிரப்பக் கூடாது. 'பதற்றப்படாதீர்' என்று அறிவுரை கூறவும் வேண்டா. சிரிப்போரைத் தலைவர் கண்டிக்கவேண்டும். எழுதிக் கொடுக்க விரும்புவோரின் மனுவைப் பெற்று உரக்கப் படிக்கச் செய்யலாம். ஆனால் பேச விரும்புவோரை 'எழுதிக் கொடும்' என்று அமர்த்திவிடலாகாது. பட்டப்பெயரால் எவரையும் அழைக்கக் கூடாதெனப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வற்புறுத்தவேண்டும். வகுப்பில் திக்கும் மாணவரை வாசிக்கவே விடாமல் ஒதுக்குவதும் தவறு. முதலில் மற்றொரு மாணவரோடு சேர்ந்து வாசிக்கச் செய்தால் தடை குறையும், துணிவும் பிறக்கும்.

தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. 1998 முதல் அக்டோபர் 22 உலகத் திக்கல் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதை அடுத்து வரும் நவம்பர் முதல் நாள் கூட்டத்தில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் எடுத்துரைத்து, பயிற்சி தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்கு வழிகாட்டலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, தீர்மானமும் தேவையில்லை.

திக்குவாய் திருந்துமா என்று கேட்டோம். குழந்தைகளுள் பெரும்பாலோருக்குத் திருந்தும். வளர்ந்தோருக்குப் பயிற்சியால் இலகுவாகும். பயிற்சி அவரவர் முயற்சியைப் பொறுத்தது. ஆனால் கேட்கும் நம் செவிகள் இன்றே திருந்தலாம். அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து முதற்சொல்லில் தடைபட்டு நிற்பாராயின், உறுப்பினர்களே, காத்திருங்கள். உங்கள் ஊர் மதகைப் பற்றிய செய்தி அவரிடம் இருக்கலாம்.